மெர்லோ முந்திப் பழுக்கிறது: போர்தோவின் ஆறு புதிய திராட்சை ரகங்கள்

2021 ஜனவரியில் பிரான்சின் தோற்றப்பெயர் நிறுவனமான இனாவோ, ஒயினுக்குப் பெயர்பெற்ற போர்தோ வட்டாரத்தில் ஆறு புதிய திராட்சை ரகங்களை நட அனுமதி தந்தது. சிவப்பில் நான்கு: அரினார்னோவா, காஸ்டெட்ஸ், மார்செலான், டூரிகா நசியோனால். வெள்ளையில் இரண்டு: அல்வாரிஞோ, லிலியோரிலா. திராட்சை விவசாயிகளின் சங்கம் 2019 ஜூனிலேயே வாக்கெடுத்து ஏழு ரகங்களைக் கேட்டிருந்தது; பெட்டி மான்செங் என்ற ஏழாவது ரகம் மட்டும் இறுதிப் பட்டியலில் இடம்பெறவில்லை.

பிரான்சின் தோற்றப்பெயர் முறையை நம்மூர் புவிசார் குறியீட்டோடு ஒப்பிடலாம். ஆனால் அதன் பிடி பல மடங்கு இறுக்கம். எந்த ரகத்தை நடலாம், ஹெக்டேருக்குக் குறைந்தது எத்தனை கொடி, எப்படிக் கவாத்து செய்வது, எவ்வளவு விளைச்சல் எடுக்கலாம், எந்த மாதத்தில் தண்ணீர் பாய்ச்சக் கூடாது என்பது வரை விதியில் எழுதியிருக்கும். ஒன்றை மீறினாலும் ‘போர்தோ’ என்ற பெயரைப் புட்டியில் ஒட்ட முடியாது. ரகப் பட்டியலில் கை வைப்பது அந்தப் பெயரிலேயே கை வைப்பதற்குச் சமம். அப்படிப்பட்ட இடத்தில் போர்ச்சுகலின் ரகத்தையும், ஆய்வுக்கூடத்தில் பிறந்த கலப்பின ரகங்களையும் உள்ளே விட்டிருக்கிறார்கள் என்றால் காரணம் வலுவானதாக இருக்க வேண்டும். அந்தக் காரணம் என்ன, ஆறு ரகங்கள் அதற்கு எவ்வளவு தூரம் பதிலாகும் என்பதே இந்த ஆய்வு.

சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது

காலநிலை மாற்றத்தால் போர்தோவில் திராட்சை விளையாமல் போய்விட்டது என்று யாராவது சொன்னால் அது தவறு. 2005, 2009, 2010, 2016 என்று மிகுந்த மதிப்புப் பெற்ற ஆண்டுகள் வந்த வண்ணம் இருந்திருக்கின்றன. முந்தைய தலைமுறை, பழம் சரியாகப் பழுக்காத ஆண்டுகளுக்கு அஞ்சி, சாற்றில் சர்க்கரை சேர்த்து ஆல்கஹாலை உயர்த்தியது. இன்று அந்தப் பயம் இல்லை. இன்றைய சிக்கல் பழம் எந்த வாரத்தில் பழுக்கிறது என்பதில் இருக்கிறது.

வட அரைக்கோளத்தில் நல்ல ஒயினுக்கான திராட்சை செப்டம்பர் 10-க்கும் அக்டோபர் 10-க்கும் இடையில் முழுப் பக்குவம் அடைவது நல்லது என்பது போர்தோ ஆய்வாளர்கள் நீண்ட காலமாகப் பின்பற்றும் அளவுகோல். அந்த வாரங்களில் பகல் மிதமான சூடு, இரவு குளிர். சர்க்கரை நிதானமாக ஏறும், அமிலம் மெதுவாக இறங்கும், தோலில் நிறமும் மணமும் துவர்ப்பு தரும் டானினும் முதிர நேரம் கிடைக்கும். அதற்கு முன்னால் ஆகஸ்டிலேயே பக்குவம் வந்துவிட்டால் சர்க்கரை மட்டும் ஓடிப்போய் நிற்கும், மற்றவை பின்தங்கிவிடும்.

ஒன்றிரண்டு டிகிரி உயர்வு எப்படி இத்தனை நாட்களை இழுக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கொடியின் வளர்ச்சியைக் கணிக்கப் பயன்படும் ஒரு மாதிரி, மார்ச் 1 முதல் தினசரி சராசரி வெப்பநிலையைக் கூட்டிக்கொண்டே போகிறது. கூட்டுத்தொகை அந்த ரகத்துக்கு உரிய எண்ணைத் தொடும் நாளில் பாதிக் காய்கள் நிறம் மாறியிருக்கும். மார்ச் 1 முதல் ஜூலை இறுதி வரை சுமார் 150 நாள். தினமும் 1.5 டிகிரி கூடினால் மொத்தம் 225. கோடையின் தினசரி சராசரி 21 டிகிரி என்று வைத்தால், 225 என்பது ஏறத்தாழ 11 நாளின் வெப்பம். அத்தனை நாள் முன்னதாகவே காய் நிறம் மாறும். அதோடு முடிவதில்லை: பழுக்கும் கட்டம் முன்னே நகர்வதால் அது ஆண்டின் சூடான வாரங்களுக்குள் போய் விழுகிறது. வெப்பம் ஏறியதால் ஒரு அடி, வெப்பமான வாரத்துக்கு நகர்ந்ததால் இன்னொரு அடி.

இது போர்தோவுக்கு மட்டும் நேர்ந்தது இல்லை. பர்கண்டியின் போன் நகரில் 1354 முதல் 2018 வரை அறுவடைத் தேதிகளின் தொடர் பதிவு கிடைத்திருக்கிறது. அதன்படி 1988-க்குப் பிறகு அறுவடை சராசரியாக 13 நாள் முந்திவிட்டது. அறுநூறு ஆண்டுகளில் மழை, பஞ்சம், போர், கொள்ளைநோய் எல்லாவற்றோடும் ஏறி இறங்கிய ஒரு தேதி, கடைசி முப்பது ஆண்டில் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கிறது.

ஏன் மெர்லோ

போர்தோவின் சிவப்புத் திராட்சையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மெர்லோ. டோர்டோன் ஆற்றின் வலக்கரையில், செயின்ட்-எமிலியோன், பொமெரோல் பகுதிகளின் களிமண்ணில் அது அரசாளுகிறது. ஜிரோந்த் கழிமுகத்தின் இடக்கரையில், சரளை மண் நிறைந்த மெடோக்கில் கபர்னே சோவிஞோன் என்ற ரகம் முன்னே நிற்கிறது. அங்கேயும் மெர்லோ நிறைய உண்டு. குளிர்ந்த, ஈரமான பழைய போர்தோவில் மெர்லோ பாதுகாப்பான தேர்வாக இருந்தது: கபர்னேயைவிட ஒன்றிரண்டு வாரம் முந்திப் பழுக்கும், செப்டம்பர் இறுதி மழைக்கு முன் கூடையில் சேர்ந்துவிடும்.

அதே குணம்தான் இப்போது பாரமாகிவிட்டது. ஒரு சதவீதம் ஆல்கஹாலுக்குச் சாற்றில் லிட்டருக்குச் சுமார் 16.8 கிராம் சர்க்கரை வேண்டும். 12.5 சதவீத ஒயினுக்கு 210 கிராம், 14.5 சதவீதத்துக்கு 244 கிராம். 1980-களில் 12.5 சதவீதத்தை ஒட்டியிருந்த மெர்லோ இன்று 14.5-ஐத் தொடுவதும் தாண்டுவதும் சாதாரணம். விவசாயி முன்னதாகவே பறித்துவிட்டால் என்ன என்று தோன்றும். வெயில் நன்றாக அடிக்கும் வாரத்தில் ஏறத்தாழ ஒரு சதவீத ஆல்கஹாலுக்கான சர்க்கரை ஏறுகிறது என்பதால், ஒரு வாரம் முன்னே பறித்தால் ஒரு சதவீதம் மிச்சம். ஆனால் விதையும் தோலும் முதிரவில்லை; ஒயின் நாக்கில் முரடாகப் பிடிக்கும். காத்திருந்தால் உலர்ந்த பிளம், அத்தி, வேகவைத்த பழம் போன்ற வாசனை வந்து சேரும். காமா-நோனாலாக்டோன் போன்ற சேர்மங்கள் கூடுவதால் வரும் வாசனை அது. பழைய போர்தோவின் குறை, பச்சைக் குடைமிளகாய் வாடை தரும் மெத்தாக்சிபிரசின்கள். அந்தக் குறை குறைந்து, நேர் எதிரான குறை வந்திருக்கிறது.

நிறமும் அடிபடுகிறது. பழத்தின் வெப்பநிலை 35 டிகிரியைத் தாண்டும்போது தோலில் ஆந்தோசயனின் என்ற நிறப்பொருள் உருவாவது தடைபடும். மேற்கு வெயில் நேராகப் படும் கொத்துகளில் பழத்தின் மேற்பரப்பு காற்றைவிடப் பல டிகிரி கூடுதலாகச் சுடும். தோல் வெந்து பழுப்பாகி, பழம் சுருங்கிவிடும்.

அமிலக் கதை ஒயின் முதிரும் பாதாள அறையில் வெளிப்படும். திராட்சையின் இரு முக்கிய அமிலங்களில் டார்டாரிக் வெப்பத்தைத் தாங்கும். மாலிக் தாங்காது, சூட்டில் பழம் அதைச் சுவாசத்தில் எரித்துவிடும். அமிலம் குறையக் குறைய பி.எச். ஏறும். 3.4-ல் இருந்த ஒயின் 3.8-க்கு ஏறினால், கிருமிகளைக் கட்டுப்படுத்தப் போடும் கந்தக டைஆக்சைடு கிட்டத்தட்ட பலமிழந்துவிடும். வேலை செய்யும் மூலக்கூறு வடிவில் லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் வேண்டுமென்றால், பி.எச். 3.4-ல் கட்டற்ற கந்தக டைஆக்சைடு 32 மில்லிகிராம் போதும், 3.6-ல் 50, 3.8-ல் 79. எண்பது மில்லிகிராமை யாரும் மனமுவந்து போட மாட்டார்கள். போடாமல் விட்டால் பீப்பாயில் பிரெட்டனோமைசஸ் ஈஸ்ட் குடியேறி, ஒயினுக்குக் குதிரைலாய வாடையைக் கொடுக்கும். வெப்பமான ஆண்டின் ஒயின் கெட்டுப்போகும் வழி பெரும்பாலும் இதுதான். தோட்டத்தில் ஆகஸ்டில் இழந்த அமிலத்தின் விலையை இரண்டு குளிர்காலம் கழித்துக் கொடுக்கிறார்கள்.

பனி: எதிர்பாராத திசையிலிருந்து வரும் அடி

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்கொடி உறங்குவதில்லை. கவாத்து செய்தால் எந்த மாதத்திலும் காய்க்கவைக்கலாம். போர்தோவில் கொடி நவம்பரில் இலையுதிர்த்து மார்ச் வரை உறங்கும். உறங்கும் மொட்டு மைனஸ் 15 டிகிரியையும் தாங்கும். துளிர்விட்ட பிறகோ மைனஸ் 2 டிகிரியே கருக்கிவிடும். குளிர்காலம் மிதமாகிவிட்டதால் துளிர் முந்தி வருகிறது. கடைசி உறைபனியின் தேதி அதே வேகத்தில் பின்வாங்கவில்லை. இந்த இடைவெளியில்தான் 2017 ஏப்ரல் கடைசி வாரப் பனி விழுந்தது. அந்த ஆண்டு போர்தோவின் உற்பத்தி முந்தைய ஆண்டைவிடச் சுமார் 40 சதவீதம் வீழ்ந்தது. 2021 ஏப்ரல் முதல் வாரத்தில் பிரான்ஸ் முழுக்க அதே கதை. பிரான்சின் மத்தியப் பகுதியை எடுத்துச் செய்த ஆய்வு, துளிர்விட்ட கொடியின்மேல் இப்படியொரு பனி விழும் வாய்ப்பைக் காலநிலை மாற்றம் சுமார் 60 சதவீதம் கூட்டியிருப்பதாகக் கணித்தது.

பனியைத் தடுக்கும் கருவிகள் உண்டு. உயரமான காற்றாடிகள், மேலே தேங்கிய வெதுவெதுப்பான காற்றைக் கீழே தள்ளும். ஒரு காற்றாடி நான்கைந்து ஹெக்டேரைக் காக்கும். ஹெக்டேருக்குச் சில நூறு பாரஃபின் மெழுகுத் தகரங்களைக் கொளுத்தலாம். தெளிப்பான்களால் மொட்டின்மேல் தொடர்ந்து நீர் தெளித்தால், நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் மொட்டைச் சுழியத்துக்கு அருகில் வைத்திருக்கும். இதற்கு ஹெக்டேருக்கு மணிக்கு 35 முதல் 40 கனமீட்டர் நீர் வேண்டும், நடுவில் நின்றால் தெளிக்காததைவிட மோசம். காற்றாடிக்கும் ஒரு நிபந்தனை: மேலே சூடான அடுக்கு இருக்க வேண்டும். துருவக் காற்று மொத்தமாக வந்து இறங்கும் இரவில் அப்படி எந்த அடுக்கும் இருக்காது. காற்றாடி குளிரைத்தான் கலக்கும். மெர்லோ முந்தித் துளிர்ப்பது இங்கேயும் அதற்கு எதிராகவே வேலை செய்கிறது.

வறட்சி இதுவரை பகையாக இருக்கவில்லை

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இது. போர்தோவின் மிகச் சிறந்த சிவப்பு ஆண்டுகள் பெரும்பாலும் வறண்டவை. மிதமான நீர்ப்பற்றாக்குறையில் கொடி புதுத்தளிர் விடுவதை நிறுத்தும், பழம் சிறுக்கும், சாற்றுக்குத் தோலின் விகிதம் கூடும், நிறமும் டானினும் அடரும். அளவிடவும் வழி இருக்கிறது. நண்பகலில் இலையைப் பையால் மூடி வைத்துப் பறித்து, அழுத்த அறையில் தண்டின் நீர் அழுத்தத்தைப் பார்ப்பார்கள். மைனஸ் 0.6 மெகாபாஸ்கல் வரை பற்றாக்குறை இல்லை, மைனஸ் 0.9 முதல் 1.1 வரை சிவப்பு ஒயினுக்குச் சாதகம், மைனஸ் 1.4-ஐத் தாண்டினால் இலைத்துளைகள் மூடி, ஒளிச்சேர்க்கை குலைந்து, பழம் பழுப்பதே நின்றுவிடும். நேரமில்லாதவர்கள் அறுவடைச் சாற்றின் சர்க்கரையில் கார்பன்-13 விகிதத்தை ஆய்வகத்தில் பார்த்தால் போதும். கொடி கோடையில் எவ்வளவு தாகத்தில் இருந்தது என்பது அதில் பதிந்திருக்கும்.

2022-இன் கோடை இதற்குக் கடும் சோதனை வைத்தது. ஜூலையில், போர்தோ இருக்கும் ஜிரோந்த் மாவட்டத்தின் லா தெஸ்த், லாந்திராஸ் பகுதிகளில் 20,000 ஹெக்டேருக்கு மேல் பைன் காடு எரிந்தது. ஆனாலும் அந்த ஆண்டின் சிவப்பு ஒயின்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தன. ஆழமாக வேரோடிய முதிய கொடிகளும், களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் பிடித்துவைத்திருந்த நீரும் காப்பாற்றின. மெல்லிய சரளையிலும் மணலிலும் நின்ற இளங்கொடிகள் தவித்தன, விளைச்சல் குறைந்தது. தோற்றப்பெயர்த் தோட்டங்களில் மே 1 முதல் அறுவடை வரை பாசனம் கூடாது என்பது பிரான்சின் பொது விதி; அந்த ஆண்டு சில பகுதிகளுக்கு விதிவிலக்கு தரப்பட்டது. பாசனத்தை நிரந்தரத் தீர்வாக்குவதை நாம் ஆதரிக்கவில்லை. சொட்டுநீருக்குப் பழகிய வேர் மேலேயே நின்றுவிடும். நீர் நிறுத்தப்படும் ஆண்டில் அந்தக் கொடிதான் முதலில் விழும்.

விட்அடாப்ட்: 52 ரகங்கள், ஒரே மண்

ஆறு ரகங்கள் எப்படித் தேர்வாயின? போர்தோவின் புறநகர் வில்நாவ் தோர்னோனில், பிரான்சின் வேளாண் ஆய்வு நிறுவனமான இன்ரா 2009-இல் ஒரு தோட்டம் நட்டது. பெயர் விட்அடாப்ட். உள்ளூர் ரகங்களோடு போர்ச்சுகல், ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ் போன்ற சூடான நாடுகளின் ரகங்களும் சேர்த்து 52. ஒவ்வொரு ரகமும் தோட்டத்துக்குள்ளேயே வெவ்வேறு ஐந்து இடங்களில் திரும்ப நடப்பட்டது. மண்ணின் சிறு வேறுபாடு முடிவைக் குழப்பாமல் இருக்க இது அவசியம். துளிர், பூ, நிறமாற்றம் ஆகிய தேதிகளைக் குறிப்பது, நிறம் மாறிய பிறகு சர்க்கரை, அமிலம், பழத்தின் எடை ஆகியவற்றைத் தொடர்ந்து அளப்பது, சிறு தொட்டிகளில் ஒயின் செய்து சுவைப்பது என்று ஆண்டுக்கு ஆண்டு வேலை.

ரகங்களுக்கிடையே பக்குவத்தில் வாரக்கணக்கில் இடைவெளி இருப்பது தெரிந்ததே. இந்தத் தோட்டத்தின் பெரிய பயன், அந்த இடைவெளி போர்தோவின் வானத்துக்கு அடியில் எவ்வளவு என்று எண்ணாகக் காட்டியது. போர்ச்சுகலின் டூரோ பள்ளத்தாக்கில் ஒரு ரகம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்து போர்தோவுக்கு முடிவெடுக்க முடியாது. அட்லாண்டிக் ஈரமும் மழையும் அங்கே இல்லை.

தேர்வானவற்றில் டூரிகா நசியோனால் போர்ச்சுகலின் பெருமைக்குரிய ரகம்: பிந்திப் பழுக்கும், சூட்டிலும் மணத்தை விடாது. மார்செலான், கபர்னே சோவிஞோனையும் கிரெனாஷையும் இனக்கலப்பு செய்து 1961-இல் உருவானது. சிறிய பழம், நல்ல நிறம், பக்குவமும் பிந்தும். அரினார்னோவா 1956-இல் பிறந்தது. டான்னாவும் கபர்னே சோவிஞோனும் அதன் பெற்றோர் என்பதை மரபணுச் சோதனை பின்னர்தான் தெளிவாக்கியது. சர்க்கரையை அடக்கமாகவும் அமிலத்தை நன்றாகவும் வைத்திருக்கும் என்பதே அதைத் தேர்ந்ததற்குக் காரணம். காஸ்டெட்ஸ் போர்தோவிலேயே மறக்கப்பட்ட பழைய ரகம். அடிச்சாம்பல் என்ற பூசண நோயைத் தாங்குவதற்காக மீட்டெடுக்கப்பட்டது. வெள்ளையில் அல்வாரிஞோ புளிப்பும் மணமும் கொண்டது. ஈரத்தில் பூசணம் எளிதில் பிடிக்காது. பரோக்கும் ஷார்டொனேயும் சேர்ந்த லிலியோரிலா, வெப்பத்தில் கரைந்துபோகும் வாசனையை ஈடுகட்டுவதற்காக.

போர்தோவின் சொந்தப் பட்டியலிலேயே பிந்திப் பழுக்கும் ரகங்கள் இருக்கின்றன என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பெட்டி வெர்டோ அந்தக் காலத்தில் பாதி ஆண்டுகளில் பழுக்காமல் ஏமாற்றிய ரகம். இன்று நம்பிப் பயிரிடலாம். கார்மெனேர் பூ உதிர்வதாலும் பிந்துவதாலும் கைவிடப்பட்டு சிலியில் வாழ்வு பெற்றது. கபர்னே சோவிஞோனும் கபர்னே ஃப்ராங்கும் அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லாத கருவிகள். மெர்லோவைப் பிடுங்கும் இடத்தில் முதலில் வைக்க வேண்டியவை இவைதான் என்பது நம் கருத்து. புதிய ஆறும் அதற்கு அடுத்த வரிசை.

ஐந்து சதவீதக் கணக்கு

அனுமதியின் நிபந்தனைகளைக் கவனிக்க வேண்டும். தோட்டத்தின் சிவப்புப் பரப்பிலோ வெள்ளைப் பரப்பிலோ புதிய ரகங்கள் மொத்தம் 5 சதவீதத்துக்கு மேல் கூடாது. இறுதிக் கலவையில் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது. லேபிளில் அவற்றின் பெயர் வராது. பத்தாண்டு சோதனைக்குப் பிறகே நிரந்தரமா இல்லையா என்று முடிவு. அனுமதி ‘போர்தோ’, ‘போர்தோ சுப்பீரியர்’ பெயர்களுக்கு உரியது. மார்கோ, பொயாக் போன்ற புகழ்பெற்ற ஊர்ப்பெயர்கள் இதில் அடங்கவில்லை.

20 ஹெக்டேர் சிவப்புத் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். 5 சதவீதம் என்றால் ஒரு ஹெக்டேர். ஹெக்டேருக்கு 50 ஹெக்டோலிட்டர் (ஒரு ஹெக்டோலிட்டர் 100 லிட்டர்) விளைச்சல் என்றால் தோட்டம் மொத்தமும் 1,000. புதிய ரகம் 50. பத்து சதவீதக் கலவை வேண்டுமானால் அது 500 ஹெக்டோலிட்டருக்கே போதும். அதாவது பாதி உற்பத்திக்கு. முழுவதிலும் சமமாகப் பரப்பினால் 5 சதவீதம்தான் வரும். அந்த 5 சதவீதம் அமிலத்தையும் ஆல்கஹாலையும் எவ்வளவு மாற்றும்? 14.5 சதவீத மெர்லோவில் 12.5 சதவீத ஒயினை ஐந்து பங்கு கலந்தால் 14.4. அவ்வளவுதான். மணத்தில் வித்தியாசம் தெரியலாம், ஆல்கஹாலில் தெரியாது. ஆகவே இந்த அனுமதியைத் தீர்வாகப் படிக்கக் கூடாது. விவசாயி தன் சொந்த மண்ணில், தன் சொந்தத் தொட்டியில், பெயரை இழக்காமல் செய்து பார்க்க உரிமை பெற்ற ஒரு பரிசோதனை இது. அந்த அளவில் மிக மதிப்பானது.

சிறு தோட்டங்களுக்கு வேறொரு நடைமுறைத் தடை. ஒரு ஹெக்டேரின் பழத்தைத் தனியாகப் புளிக்கவைக்க 50 முதல் 60 ஹெக்டோலிட்டர் தொட்டி ஒன்று காலியாக இருக்க வேண்டும். கால் ஹெக்டேர் நட்டவருக்கு 15 ஹெக்டோலிட்டர் தொட்டி வேண்டும்; பல பாதாள அறைகளில் அந்த அளவே கிடையாது. பெரிய தொட்டியில் கொஞ்சம் சாறு கிடந்தால் மேலே காற்று தங்கி, அசிட்டிக் கிருமி வளர்ந்து வினிகராகும். தனியாகப் புளிக்கவைக்க முடியாதவர் மெர்லோவோடு சேர்த்துப் போட்டுவிடுவார். அதன்பின் புதிய ரகம் என்ன செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ரகத்தை மாற்றாமல் எத்தனை நாள் கிடைக்கும்

கொடி முப்பது நாற்பது ஆண்டுப் பயிர். 20 ஹெக்டேரை நாற்பது ஆண்டுச் சுழற்சியில் புதுப்பித்தால் ஆண்டுக்கு அரை ஹெக்டேர்தான் மாறும். மீதி 19.5 ஹெக்டேரில் இன்று நிற்கும் மெர்லோவை வைத்துக்கொண்டு நாட்களைப் பிடிக்க வேண்டும். வழிகள் உள்ளன, ஒவ்வொன்றும் சில நாட்களைத் தரும்.

முதலாவது தாமதக் கவாத்து. கொடித்தண்டின் நுனி மொட்டுகள் முதலில் வெடிக்கும். அவை வெடிக்கும்போது அடிமொட்டுகள் அடங்கி இருக்கும். குளிர்காலத்தில் வேண்டாதவற்றை நீக்கிவிட்டு, வைக்கப்போகும் தண்டை நீளமாகவே விட்டு, மார்ச் கடைசியில் நுனியில் இரண்டு மூன்று இலை விரிந்ததும் இறுதி வெட்டு வெட்டினால், அடிமொட்டுகள் அதன் பிறகே விழிக்கும். துளிர் சில நாள் தள்ளும். ஏப்ரல் பனியிலிருந்தும் ஓரளவு தப்பலாம். அளவு மீறித் தாமதித்தால் கொடி சேமித்த மாவுச்சத்து வீணாகி விளைச்சல் குறையும். இன்னொரு நெருக்கடி ஆள்கூலி: மெடோக்கில் ஹெக்டேருக்கு 10,000 கொடி வரை நட்டிருக்கிறார்கள், இறுதி வெட்டுக்குக் கிடைப்பது இரண்டு வாரம். முழுத் தோட்டத்துக்கும் ஆசைப்படாமல், பள்ளமான, பனி தேங்கும் துண்டுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நடக்கக்கூடியது.

இரண்டாவது இலைப்பரப்பைக் குறைப்பது. சர்க்கரை இலையில் பிறக்கிறது. காய் பிடித்த பின் செடியின் உயரத்தைக் குறைத்து வெட்டி, காய்க்கு இலையின் விகிதத்தை இறக்கினால் நிறமாற்றம் ஐந்து நாள் வரை தள்ளும். ஆண்டுதோறும் செய்தால் வேரிலும் தண்டிலும் சேமிப்பு குறைந்து கொடி நலியும். கொத்தைச் சுற்றி இலை கிள்ளும் பழைய வழக்கத்தையும் மாற்ற வேண்டும்: காலை வெயில் படும் கிழக்குப் பக்கத்தில் மட்டும் கிள்ளி, மேற்குப் பக்க இலையைத் தொடாமல் விடுவதே நல்லது. அடித்தண்டை உயர்த்தி வளர்த்தால் சூடான தரையிலிருந்து கொத்து விலகும். இதைப் புது நடவில்தான் செய்ய முடியும்.

மூன்றாவது வேர்ச்செடி. வேரை அழிக்கும் ஃபிலாக்செரா பூச்சி வந்த நாளிலிருந்து ஐரோப்பியக் கொடிகள் அமெரிக்க வேர்மேல் ஒட்டப்பட்டவை. ரிப்பாரியா குளுவார், 101-14, 3309 ஆகியவை போர்தோவில் விரும்பப்பட்டவை. வீரியத்தை அடக்கிப் பழத்தை முந்திப் பழுக்கவைக்கும். இன்று இரண்டுமே தேவைக்கு எதிரான குணங்கள், வறட்சியும் தாங்காது. 110 ரிக்டர், 140 ரூஜெரி, 1103 பால்சென் வறட்சியைத் தாங்கும். ஆனால் மண்ணைப் பார்க்காமல் மாற்றக் கூடாது. மண்ணில் 101-14 தாங்கும் செயல்படு சுண்ணாம்பு (எளிதில் கரைந்து வேரைப் பாதிக்கும் பங்கு) 9 சதவீதம், 3309 தாங்குவது 11, 110 ரிக்டர் 17, 41பி என்ற வேர்ச்செடி 40. செயின்ட்-எமிலியோன் சுண்ணாம்பு மேட்டில் தவறான வேரை வைத்தால் இலை மஞ்சளாகிக் கொடி தேயும். வறட்சிக்காக வாங்கிய வேர் வறட்சி வருமுன்னே தோற்றுப்போகும். 55 வேர்ச்செடிகளை ஐந்து ரகங்களோடு ஒட்டிப் பார்க்கும் கிரெஃப்அடாப்ட் தோட்டமும் போர்தோவில்தான் இருக்கிறது. புதிய ரகங்களைப் போல இதற்குத் தலைப்புச் செய்தி கிடைக்கவில்லை. வேர்ச்செடியை மாற்றினால் ஒயினின் பெயரும் சுவையும் பெரிதாக மாறாது என்பதால், நீண்ட காலத்தில் இதன் பயன் பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம்.

இவை எல்லாம் சேர்ந்து ஒன்றரை வாரத்தைத் தரலாம். மேலே போட்ட கணக்கின்படி அது ஒன்றரை டிகிரி உயர்வை ஈடுகட்டும் அளவு. அதற்கு மேல் ரகம்தான் நகர வேண்டும்.

எதுவரை தாங்கும்

2013-இல் வெளியான ஓர் ஆய்வு, பெரிய ஒயின் வட்டாரங்களில் பயிரிடத் தகுந்த பரப்பு 2050-க்குள் 25 முதல் 73 சதவீதம் வரை சுருங்கலாம் என்றது. போர்தோவின் கேஸ் வான் லேவனும் சக ஆய்வாளர்களும் அதே இதழில் மறுத்தார்கள்: ரகங்களுக்கு வகுக்கப்பட்ட வெப்ப எல்லைகள் மிகக் குறுகியவை, விவசாயியின் தகவமைப்பு கணக்கில் வரவில்லை என்று. 2020-இன் ஆய்வு பதினொரு ரகங்களை வைத்து இன்னும் தெளிவான விடை தந்தது. உலகம் 2 டிகிரி சூடேறினால் இன்றைய ஒயின் பரப்பில் 56 சதவீதம் தகுதியிழக்கும்; ரகங்களை இடம் மாற்றி நட்டால் அந்த இழப்பு 24 சதவீதமாகக் குறையும். 4 டிகிரி ஏறினால் இழப்பு 85 சதவீதம். ரகம் மாற்றினாலும் 58.

2024-இல் வான் லேவன் குழுவே எழுதிய விரிவான மதிப்பாய்வு, வெப்பம் 2 டிகிரியைத் தாண்டினால் ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ், தெற்குக் கலிபோர்னியா ஆகியவற்றின் கரையோர, தாழ்நில வட்டாரங்களில் ஏறத்தாழ 90 சதவீதம் நூற்றாண்டு இறுதிக்குள் மறையும் ஆபத்தில் இருக்கும் என்றது. முன்பு அவசரமான எச்சரிக்கையை மறுத்த அதே ஆய்வாளர் இதைச் சொல்வதால் இதன் கனம் கூடுகிறது. அட்லாண்டிக்கின் ஈரம் வந்து சேரும் போர்தோ அந்தப் பட்டியலில் இல்லை. 2 டிகிரி உலகில் அது ரகம் மாற்றித் தப்பிக்கலாம். 4 டிகிரியில் ஆறு ரகமும் அறுபது ரகமும் ஒன்றுதான்.

வெப்பத்தை மட்டுமே பார்த்துத் திட்டமிட்டால் என்ன ஆகும் என்பதை 2023 காட்டியது. கோடைத் தொடக்கம் சூடும் மழையுமாக வந்தது. அடிச்சாம்பல் நோய் போர்தோவைச் சூழ்ந்தது. இலையைவிடக் கொத்தையே அது அதிகம் பிடித்தது. மெர்லோ கடுமையாக அடிபட்டது, கபர்னே ஓரளவு தப்பியது. மருந்து தெளித்த மறுநாளே மழை கழுவியதாலும், சேற்றில் டிராக்டர் இறங்க முடியாததாலும், செம்பு மருந்தை மட்டுமே நம்பியிருந்த இயற்கை விவசாயிகள் பலர் விளைச்சலின் பெரும்பகுதியை இழந்தார்கள். ஒரே மண் ஓராண்டு எரிகிறது, அடுத்த ஆண்டு அழுகுகிறது. ரகத் தேர்வில் பக்குவத் தேதியோடு நோய் தாங்கும் திறனுக்கும் சம எடை வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. காஸ்டெட்ஸ் பட்டியலில் இருப்பதன் மதிப்பும் அந்த ஆண்டுதான் பலருக்கு உறைத்தது.

நடுபவர் செய்ய வேண்டியவை

20 ஹெக்டேர் வைத்திருப்பவர் என்ன வரிசையில் போகலாம்? எந்தத் துண்டில் மெர்லோ முதலில் பக்குவமாகிறது, எதில் பனி தேங்குகிறது என்று குறைந்தது மூன்று ஆண்டுப் பதிவு முதலில் வேண்டும். செயின்ட்-எமிலியோன், பொமெரோல் பகுதியில் 90 வெப்பமானிகளைப் பரப்பி அளந்தபோது, ஒரே பகுதிக்குள்ளேயே மேட்டுக்கும் பள்ளத்துக்கும் பக்குவத் தேதி கணிசமாக வேறுபட்டது. சரளையில், தெற்குச் சரிவில் நிற்கும் மெர்லோவே முதலில் போக வேண்டியது. குளிர்ந்த களிமண்ணில் நிற்பதை இன்னும் ஒரு தலைமுறை வைத்திருக்கலாம். அங்கே அதற்கு இன்னும் நாட்கள் மிச்சம் இருக்கின்றன.

கொடி இளமையாகவும் தண்டு ஆரோக்கியமாகவும் இருந்தால் பிடுங்காமல் மேலொட்டு வைக்கலாம். வசந்தத்தில் தண்டின் பட்டை உரியும் சமயம் புதிய ரகத்தின் மொட்டைச் செருகிக் கட்டினால் ஆழ்வேர் அப்படியே கிடைக்கும்; ஓரிரு ஆண்டில் மகசூல் திரும்பும். எஸ்கா போன்ற தண்டு நோய் உள்ள முதிய கொடியில் செய்தால் ஒட்டு பிடித்தாலும் சில ஆண்டில் கொடியே காய்ந்துவிடும். ஒட்டு வைக்குமுன் சில கொடிகளைக் குறுக்கே அறுத்து, உள்கட்டை வெண்மையாக இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு மணி நேர வேலை.

பத்தாண்டு முடிவில் இனாவோவின் முன் வைக்கத் தகுந்த சான்று வேண்டுமானால், புதிய ரகத்தின் பக்கத்து வரிசையில் அதே வேர்ச்செடிமேல் மெர்லோவும் கபர்னேயும் நிற்க வேண்டும். மூன்றிலும் ஒரே நாளில் நிறமாற்றத்தை எண்ண வேண்டும். ஒரே நாளில் சாறு எடுத்துச் சர்க்கரை, மொத்த அமிலம், மாலிக், பி.எச்., கார்பன்-13 அளக்க வேண்டும். பறித்த ஆண்டில் சுவைத்தால் போதாது. ஒவ்வோர் ஆண்டும் கலவையின் ஒரு சிறு பகுதியைப் புதிய ரகம் சேர்க்காமல் தனியே புட்டியில் அடைத்து, சேர்த்ததோடு பக்கத்தில் அதே கிடங்கில் கிடத்தி வைத்து, ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் இரண்டையும் பெயர் மறைத்துத் திறந்து பார்க்க வேண்டும்.